டிஸ்க் கோல்ஃப் ஏன் இன்னும் பெருசா வளரல?

ஒரு வாசகர் கேட்டது: டிஸ்க் கோல்ஃப் டிவில ஒழுங்கா வர்றதில்ல, ஒலிம்பிக்ல இல்ல, பெரிய ஸ்பான்சரும் இல்ல. இந்த மூணும் வந்துட்டா தானா வளந்துடும். இதத் தவிர வேற என்ன தடை இருக்குன்னு சொல்லுங்க பாப்போம்.

பிப்ரவரி 3, ராத்திரி

ஆட்டம் தெரியாதவங்களுக்கு ஒரு வரி: டிஸ்க்க டீங்கற எடத்துலேர்ந்து எறிஞ்சு, முடிஞ்ச வரைக்கும் கம்மி எறியில செயின் தொங்கற பாஸ்கெட்டுல போடணும்; ஒரு டீயும் ஒரு பாஸ்கெட்டும் சேந்தது ஒரு ஹோல், பல ஹோல் சேந்தது ஒரு கோர்ஸ். இப்ப கேள்விக்கு வர்றேன். மூணும் வேண்டாம்னு சொல்ல மாட்டேன், ஆனா மூணுல ரெண்டு ஏற்கெனவே ஒரு தடவ வந்து பாத்தாச்சு. 2021 உலக சாம்பியன்ஷிப், அமெரிக்காவுல யூட்டா மாநிலம் ஆக்டன்ல நடந்தது. கடைசி ஹோல், பால் மெக்பெத் ஒரு ஸ்ட்ரோக், அதாவது ஒரு எறி, முன்னாடி. ஜேம்ஸ் கான்ராட் 75 மீட்டர் தூரத்துலேர்ந்து எறிஞ்ச டிஸ்க் நேரா செயின்ல போய் உக்காந்துச்சு. ஸ்கோர் சமன், அப்புறம் சமன முறிக்க நடந்த ப்ளேஆஃப்ல கான்ராட் உலக சாம்பியன். அந்த ஒரு எறிய ஈஎஸ்பிஎன் காட்டுச்சு, டிஸ்க் கோல்ஃப்னா என்னன்னே தெரியாதவங்க கூட ஷேர் பண்ணாங்க. அதே வருஷம்தான் மெக்பெத்துக்கு டிஸ்க்ராஃப்ட் கம்பெனி 10 வருஷத்துக்கு 1 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டுச்சு. ஆக, கேமராவும் திரும்புச்சு, காசும் வந்துச்சு.

அப்ப வீடியோவ பாத்துட்டு "நானும் ஒரு தடவ எறிஞ்சு பாக்கறேன்"னு கெளம்பினவங்க நெறைய பேர். என் கேள்வி அவங்களப் பத்தி. அவங்க எங்க போனாங்க, அங்க என்ன ஆச்சு, ரெண்டாவது தடவ ஏன் வரல?

பிப்ரவரி 4, காலை

முதல்ல எங்க போனாங்கங்கறத எடுத்துக்கறேன், ஏன்னா எல்லாத்துக்கும் அடியில கெடக்கறது நிலம்தான்.

எட் ஹெட்ரிக், ஃப்ரிஸ்பிய இப்ப இருக்கற வடிவத்துக்கு கொண்டு வந்த மனுஷன், 1975ல கலிஃபோர்னியாவுல ஓக் க்ரோவ் பார்க்ல முதல் நிரந்தர கோர்ஸ் போட்டார். 1976ல பிடிஜிஏங்கற தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்த ஆரம்பிச்சார், 1977ல செயின் தொங்கற பாஸ்கெட்டுக்கு பேட்டன்ட் வாங்கினார். இன்னிக்கு உலகம் பூரா நிக்கற பாஸ்கெட்டுக்கு அடிப்படை அந்த டிசைன்தான். இதுல கவனிக்க வேண்டியது, விளையாட்டு பொறந்ததே பொதுப் பூங்காவுல. சொந்தமா நிலம் வாங்கி, வேலி போட்டு, கிளப் கட்டி வளந்த விளையாட்டு இல்ல இது. அன்னிலேர்ந்து இன்னி வரைக்கும் பெரும்பாலான கோர்ஸ் பார்க்குக்குள்ள ஒரு ஓரத்துல இருக்கு, அதே பார்க்குக்கு நடக்கறவங்க வர்றாங்க, ஓடறவங்க வர்றாங்க, குழந்தைங்க வருது, நாய் வருது. நாம வாடகை வீட்டுல குடியிருக்கோம், வீட்டுக்காரருக்கு எப்ப மனசு மாறுதோ அப்ப காலி பண்ணணும்.

பந்து கோல்ஃப்காரங்களுக்கு இந்தக் கவல இல்ல. அவங்களோட 18 ஹோல் 100 ஏக்கருக்கு மேல பிடிக்கும், தண்ணியும் மருந்தும் கொட்டணும், ஆனா அந்த நிலத்துல வேற யாரும் குறுக்க நடக்க மாட்டாங்க. நமக்கு ஒரு ஹோலுக்கு சராசரியா ஒரு ஏக்கர் இருந்தாலே ஓரளவு வசதி, புல்வெளி கூட வேண்டாம், மரம் இருந்தா இன்னும் நல்லது. கம்மி நிலம் போதும்ங்கறதாலதான் மத்தவங்களோட நிலத்துல சுலபமா நொழைய முடிஞ்சுது. அதே சுலபத்துல வெளியேத்தவும் முடியுது.

பிப்ரவரி 4, கொஞ்ச நேரம் கழிச்சு

"வெளியேத்தறாங்கன்னு எத வெச்சு சொல்றீங்க"ன்னு கேட்டிருக்கீங்க. நான் அடிக்கடி போற கோர்ஸ்ல ஒரு ஹோல் இருக்கு, பாஸ்கெட்டுக்கு இருவது அடி முன்னாடி ஒரு பழைய மரம். டீய பாத்த பக்கம் மட்டும் இடுப்பு ஒயரத்துலேர்ந்து தலைக்கு மேல வரைக்கும் பட்டை சின்னச் சின்ன பிறை வடிவத்துல பேந்து உள்மரம் வெளுப்பா தெரியும். அந்தப் பக்கம் சுத்திப் போய்ப் பாத்தா பட்டை முழுசா இருக்கும். டிஸ்க் ஒவ்வொரு தடவயும் விளிம்பால வெட்டிட்டுப் போயிருக்கு. மரத்தடியில புல் கெடையாது, வேர் மண்ணுக்கு மேல துருத்திட்டு நிக்குது, எல்லாரும் அதே எடத்துல மிதிச்சு மிதிச்சு தரை இறுகிப்போய், மழ பேஞ்சா தண்ணி உள்ள எறங்காம பாஸ்கெட்ட சுத்தி ஓடுது. இத போட்டோ எடுத்து ஒரு பார்க் கூட்டத்துல வெச்சா நம்ம பக்கம் பேச என்ன இருக்கு? சரி செய்ய வழி இருக்கு, மரச்சீவல் பரப்பலாம், மரத்துக்கு தடுப்பு வெக்கலாம், பாஸ்கெட்ட வருஷத்துக்கு ஒரு தடவ எடம் மாத்தலாம். யார் செய்யறது, எந்தக் காசுல?

பிப்ரவரி 7

"இலவசமா இருக்கறதுதான் நம்ம பலமே, அதப் போய் குத்தம் சொல்றீங்களே"ன்னு ஒருத்தர் கோவப்பட்டிருக்கார்.

குத்தம் சொல்லல. இலவசம்கிறதாலதான் நான் உள்ள வந்தேன். ஒரு டிஸ்க் வாங்கினா போதும், டிக்கெட் கெடையாது, மெம்பர்ஷிப் கெடையாது, நேரம் புக் பண்ண வேண்டாம். 2020ல எல்லாம் மூடிக் கெடந்தப்ப இந்த விளையாட்டு அப்படி ஏறினதுக்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனா வாசல்ல யாரும் உக்காரலன்னா எத்தன பேர் வந்தாங்கன்னு யாருக்கும் தெரியாது. டென்னிஸ் கோர்ட்டுக்கு புக்கிங் கணக்கு இருக்கு, நீச்சல் குளத்துக்கு டிக்கெட் கணக்கு இருக்கு. ஒரு கோர்ஸுக்கு ஞாயித்துக்கெழம நூத்துக்கணக்குல ஆள் வந்தாலும் பார்க் அலுவலகத்துல அது பூஜ்யம். அவங்களுக்கு எழுத்துல வர்றது புகார் மட்டும்தான். பட்ஜெட் போடும்போது புகார் இருக்கு, வருமானம் இல்ல, ஆள் கணக்கும் இல்லன்னா அந்த எடத்துல வேற ஏதாவது கட்டலாமான்னுதான் யோசிப்பாங்க. யூடிஸ்க் மாதிரி ஆப்ல ஸ்கோர் போடறது இதுக்காகவாவது உதவும், அந்த எண்ணிக்கைய எடுத்துட்டுப் போய்க் காட்டலாம். ஸ்கோர் எழுத சோம்பேறித்தனப்படறவங்க தயவுசெஞ்சு இத நெனச்சுக்கங்க. நீங்க பார விட, அதாவது ஹோலுக்குன்னு குறிச்ச எறி எண்ணிக்கைய விட, எத்தன எறி கூட எறிஞ்சீங்கன்னு பார்க்காரங்க பாக்கப் போறதில்ல, நீங்க வந்தீங்கங்கறதுதான் அவங்களுக்கு வேணும்.

கட்டணம் வாங்கற கோர்ஸும் இருக்கு, அதுல சிலது அருமையா பராமரிக்கறாங்க. எல்லாமே அப்படி ஆயிடணும்னு நான் சொல்லல.

பிப்ரவரி 11

இப்ப ரெண்டாவது தடவ வராதவங்க கதைக்கு வர்றேன்.

புதுசா வர்றவர் கடையில நின்னு என்ன வாங்குவார்? எது ரொம்ப தூரம் போகும்னு கேப்பார். டிஸ்க் மேல நாலு எண் போட்டிருக்கும், ஸ்பீடு (வேகம்), க்ளைடு (மிதக்கறது), டர்ன் (ஆரம்பத்துல வளையறது), ஃபேடு (கடைசியில வளையறது). ஸ்பீடு 12ன்னு போட்டிருந்தா 5ஐ விட நல்லதுன்னுதானே எவனும் நெனப்பான்? அந்த எண்ணுக்கு அர்த்தம், அவ்வளவு வேகமா எறிஞ்சாத்தான் அது பறக்க வேண்டிய மாதிரி பறக்கும்ங்கறது. புதுசா வந்தவர் கைல அந்த வேகம் இருக்காது.

போன மாசம் டீல எனக்கு முன்னாடி ஒருத்தர் நின்னார். கைல விளிம்பு அகலமான ட்ரைவர், அதாவது தூரத்துக்குன்னு செஞ்ச டிஸ்க், வெரலு அந்த விளிம்ப முழுசா சுத்திப் பிடிக்க முடியல, அதனால கட்டைவெரல ஓரத்துல வெச்சு அமுக்கறார், டிஸ்க்கோட மூக்கு லேசா மேல தூக்குது. வலது கை, பேக்ஹேண்ட், அதாவது கைய நெஞ்சுக்கு குறுக்க கொண்டு வந்து புறங்கை முன்னாடி போற மாதிரி எறியறது. முழு பலத்தையும் போட்டு வீசினார். டிஸ்க் மேல ஏறி ஒரு நொடி அந்தரத்துல நின்னு, டக்குனு இடது பக்கம் சாஞ்சு புதருக்குள்ள போயிடுச்சு. அடுத்த எறியும் அதே. மூணாவது ஹோல்ல தேடித் தேடி டிஸ்க் கெடைக்கல, கெளம்பிட்டார். என் பையில இருந்த ஒரு பட்டர, அதாவது கிட்டத்துலேர்ந்து மெதுவா எறியற டிஸ்க்க, எடுத்து "இதால மெதுவா எறிஞ்சு பாருங்க"ன்னு குடுக்கறதுக்குள்ள அவர் பார்க்கிங் பக்கம் நடந்துட்டார். அவர் மனசுல இது "எனக்கு வராத விளையாட்டு". உண்மையில அவர் கைல இருந்தது அவருக்கான டிஸ்க்கே இல்ல.

பட்டர் ஒண்ணு, நடுத்தர தூரத்துக்கான மிட்ரேஞ்ச் ஒண்ணு, ரெண்டும் 150, 160 கிராம் எடைக்குள்ள. ஆரம்பிக்கறவங்களுக்கு இதுதான் வேணும், இத யாரும் பெருசா விளம்பரம் பண்றதில்ல.

பிப்ரவரி 12

டிவி பத்தி திரும்பக் கேட்டிருக்கீங்க, சுருக்கமா சொல்லிடறேன். காட்டுக்குள்ள டிஸ்க் எங்க போகுதுன்னு நேர்ல நிக்கறவங்களுக்கே தெரியாது, கேமராவுக்கு எங்கேர்ந்து தெரியும். ஒரே நேரத்துல பல ஹோல்ல ஆட்டம் நடக்குது. ஜோமெஸ்ப்ரோ சேனல் யூடியூப்ல மறுநாள் எடிட் பண்ணிப் போட்டு ஜெயிச்சதுக்கு அதுதான் காரணம், முன்னணி நாலு பேர மட்டும் பின்தொடர்ந்து, தேடறது நடக்கறது எல்லாத்தையும் வெட்டிட்டு ஆட்டத்த மட்டும் காட்டினாங்க. ஆனா அதப் பாக்கறவங்க பெரும்பாலும் ஏற்கெனவே எறியறவங்க. அதுக்கு மேல டிவி பத்தி எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல.

பிப்ரவரி 15

ஒரு வாசகி எழுதினது என்ன ரொம்ப யோசிக்க வெச்சுது. அவங்க தனியா விளையாடப் போனா பின்னாடி வர்ற நாலு பேர் குரூப் "தள்ளுங்க, நாங்க போயிடறோம்"னு சொல்றாங்களாம், இல்லன்னா கேக்காமலே எப்படி எறியணும்னு பாடம் எடுக்கறாங்களாம். மரம் அடர்ந்த எடத்துல தனியா நடக்கவும் தயக்கமா இருக்குன்னாங்க.

பிடிஜிஏ உறுப்பினர்கள்ல பெண்கள் பத்துல ஒரு பங்கு கூட கெடையாது. மக்கள்தொகையில பாதிய வெளிய வெச்சுட்டு வளர்ச்சி பத்திப் பேசறோம். எஸ்டோனியாவோட கிறிஸ்டின் தாட்டர் 2022, 2023 ரெண்டு வருஷமும் உலக சாம்பியன், அவங்க எறியறதப் பாத்தா கையோட பலத்த விட நேரம்தான் முக்கியம்னு புரியும், இடுப்பு திரும்பறதுக்கும் கை வர்றதுக்கும் நடுவுல இருக்கற அந்த நேரம். இந்த விளையாட்டு பெண்களுக்கு ஏத்ததுதான். ஆனா பல கோர்ஸ்ல ஒரே ஒரு டீ, அதுவும் ரொம்ப பின்னாடி, நல்லா எறியற ஆம்பளைக்குன்னு அளந்து வெச்ச எடத்துல. ஆறு எறி எறிஞ்சு பாஸ்கெட்ட அடையறவங்களுக்கு அதுல என்ன ருசி இருக்கும்?

பிப்ரவரி 16

நடுவுல ஒருத்தர் "நாய் டிஸ்க்க கவ்விட்டு ஓடினா ரூல் என்ன"ன்னு கேட்டிருக்கார், விவாதத்துக்கு சம்பந்தம் இல்லன்னாலும் நல்ல கேள்வி. பறக்கும்போது நாய் குறுக்க வந்து மேல பட்டா டிஸ்க் முதல்ல எங்க வந்து நிக்குதோ அங்கேர்ந்து ஆடணும். தரையில நின்னதுக்கு அப்புறம் கவ்விட்டுப் போனா, முன்னாடி எங்க கெடந்துச்சோ கிட்டத்தட்ட அதே எடத்துல திரும்ப வெச்சு ஆடலாம். பாஸ்கெட்டுக்குள்ளயே கொண்டு போய்ப் போட்டாலும் நாய்க்குத்தான் பாராட்டு, உங்களுக்கு பேர்டி (பார விட ஒரு எறி கம்மியா முடிக்கறது) கெடையாது.

பிப்ரவரி 20

நிலம், புதுசா வர்றவங்க, பெண்கள்னு தனித்தனியா எழுதிட்டு வந்தேன். மேலேர்ந்து திரும்பப் படிச்சா எல்லாம் ஒரே எடத்துல போய் முடியுதுன்னு தோணுது. தூரம்.

1983ல டேவ் டனிபேஸ் விளிம்ப சரிவா சீவின டிஸ்க் கொண்டு வந்தார், இன்னோவா கம்பெனி அதுலதான் ஆரம்பிச்சுது. அதுக்கு முன்னாடி எறிஞ்சதெல்லாம் கடற்கரையில குழந்தைங்க எறியற ஃப்ரிஸ்பி மாதிரி குண்டு விளிம்பு, காத்துல தடுமாறும், தூரம் கம்மி. சரிவு விளிம்பு வந்ததுலேர்ந்து ஒவ்வொரு தலைமுறை டிஸ்க்கும் முன்னத விட தூரம் போக ஆரம்பிச்சுது. 2016ல டேவிட் விக்கின்ஸ் ஜூனியர் நெவாடா பாலைவனத்துல காத்தோட சேத்து எறிஞ்சது 338 மீட்டர். ஆச்சரியமான சாதனை, ஒத்துக்கறேன்.

ஆனா பழைய பார்க்ல போட்ட கோர்ஸ் அப்படியேதான் இருக்கு. குண்டு விளிம்பு டிஸ்க்க மனசுல வெச்சு போட்ட ஹோலுக்கும் பக்கத்து நடைபாதைக்கும் நடுவுல விட்ட எடைவெளி அன்னிக்கு தாராளம். இன்னிக்கு ஒரு சாதாரண ஆள் எறியற ஃபோர்ஹேண்ட் (உள்ளங்கை முன்னாடி போற மாதிரி பக்கவாட்டுல எறியறது) கொஞ்சம் நழுவினாலே டிஸ்க் பாதையைத் தாண்டிப் போகுது. 175 கிராம், கெட்டியான விளிம்பு, நல்லா எறியறவர் கைலேர்ந்து மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல கெளம்பும். தள்ளுவண்டியில குழந்தைய வெச்சு வளைவுல திரும்பறவங்களுக்கு நாம ஜாக்கிரதைன்னு எச்சரிக்க "ஃபோர்"னு கத்தறது என்னன்னே தெரியாது, சத்தம் கேட்டு தலைய தூக்கிப் பாக்கறாங்க, அதுதான் ரொம்ப ஆபத்து. வளைவுக்கு அப்பால யாரும் இல்லன்னு ஒருத்தர் போய் நின்னு கை காட்டற வரைக்கும் டிஸ்க்க கைல பிடிச்சுட்டு நிக்கறதுதான் முறை, அவசரத்துல எத்தன பேர் நிக்கறோம்?

அப்ப நம்ம ஆளுங்க கேக்கறது என்ன? இன்னும் நீளமான கோர்ஸ், இன்னும் நெறைய நிலம், "சாம்பியன்ஷிப் லெவல்" ஹோல். அது வந்தா புதுசா வர்றவர் அதே ஸ்பீடு 12 டிஸ்க்கத் தேடுவார், அதே புதர்ல தொலைப்பார். அந்த வாசகிக்கு டீ இன்னும் பின்னாடி போகும். பார்க்காரங்களுக்கு இன்னும் புகார் வரும். தடைய நாமளே கேட்டு வாங்கிட்டு இருக்கோம்னுதான் எனக்குப் படுது.

பிப்ரவரி 21

எதிர்பாத்த மாதிரியே பதில் வந்திருக்கு: "குட்டி கோர்ஸ் போட்டா இது பிள்ளைங்க விளையாட்டுன்னு சிரிப்பாங்க, யாரும் சீரியஸா எடுத்துக்க மாட்டாங்க."

2018ல மிச்சிகன்ல கிரேட் லேக்ஸ் ஓபன்ல டொபாகன் கோர்ஸ், நல்லா நீளமான கோர்ஸ்தான், மெக்பெத் ஒரே ரவுண்டுல 18 அண்டர், அதாவது பார விட 18 எறி கம்மியா, அடிச்சார். நீளத்த மட்டும் கூட்டினா உச்சத்துல இருக்கறவங்களத் தடுத்துட முடியாதுன்னுதான் இதுலேர்ந்து நான் எடுத்துக்கறேன். குட்டி ஹோல்லயும் கஷ்டம் வெக்கலாம், ரெண்டு மரத்துக்கு நடுவுல நாலடி எடைவெளி, பாஸ்கெட்டுக்குப் பின்னாடி சரிவு, தவறவிட்ட பட் (கிட்டத்துலேர்ந்து பாஸ்கெட்டுக்கு எறியறது) உருண்டு கீழ போயிடும். பாஸ்கெட்ட சுத்தி 10 மீட்டர் வட்டத்துக்குள்ள காத்தடிக்கும்போது பட் போட்டுப் பாருங்க, பிள்ளைங்க விளையாட்டான்னு அப்புறம் பேசலாம்.

நீளமான கோர்ஸே வேண்டாம்னு சொல்லல, அதையும் சேத்துக்கறேன், ஏன்னா நேத்து எழுதினதுல அந்த மாதிரி ஒரு தொனி வந்துடுச்சோன்னு நெனக்கறேன். போட்டிக்கு அது தேவைதான். ஆனா அதுக்கு தனி நிலம் வேணும், நடைபாதை குறுக்க போகாத நிலம். பார்க்ல போடறது பட்டரால ஆடற கோர்ஸா இருக்கட்டும். ஃபின்லாந்துல ஊருக்கு ஊரு கோர்ஸ், ஐஸ்லாந்துல ஆள் கணக்குக்கு உலகத்துலயே அதிகம், அங்கெல்லாம் உள்ளூர் நிர்வாகமே ஒரு குட்டி கோர்ஸ விளையாட்டு மைதானம் போடற மாதிரி சாதாரணமா போடுது. அப்படி வளந்த ஃபின்லாந்துலதான் 2025 உலக சாம்பியன்ஷிப்பே நடந்துச்சு. அடிமட்டம் முதல்ல, உச்சம் பின்னால.

மார்ச் 1

ஒலிம்பிக் கேட்டவருக்கு: பறக்கும் தட்டு விளையாட்டுகளோட உலக சம்மேளனத்துக்கு ஒலிம்பிக் கமிட்டி அங்கீகாரம் 2015லயே குடுத்தாச்சு. அங்கீகாரம் வேற, போட்டியில சேக்கறது வேற. எல்லா கண்டத்துலயும் ஆட்டம் பரவலா இருக்கணும்னு பாக்கறாங்க, நம்ம கோர்ஸ்ல பெரும்பகுதி இன்னும் வட அமெரிக்காவுலயும் வட ஐரோப்பாவுலயும்தான். மத்த எடத்துலயும் பரவணும்னா சுலபமா போடக்கூடிய குட்டி கோர்ஸ் வேணும், ஆக சுத்திச் சுத்தி பிப்ரவரி 20ல எழுதின தூரத்துக்கே திரும்ப வந்துடறோம்.

குடிச்சுட்டு கத்தறவங்க, குப்பை போட்டுட்டுப் போறவங்க பத்தி இன்னொருத்தர் எழுதியிருக்கார். உண்மைதான், ரொம்ப சங்கடமாத்தான் இருக்கு. நான் பையில ஒரு குப்பை கவர் வெச்சிருக்கேன். பார்க்ல வேல பாக்கறவர் கண்ணு முன்னாடி பொறுக்கினா அவர் நம்மகிட்ட பேச ஆரம்பிக்கறார், அப்படித்தான் எங்க கோர்ஸ்ல ஒரு டீக்கு பக்கத்துல புதர வெட்டிக் குடுத்தாங்க.

மார்ச் 9

அடுத்த வாரம் பார்க் கூட்டத்துல கோர்ஸ் கேக்கப் போறதா எழுதினவருக்கு, கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

18 ஹோல் கேக்காதீங்க. 9 கேளுங்க, ஒவ்வொண்ணும் 40லேர்ந்து 70 மீட்டருக்குள்ள. பாஸ்கெட் எங்க வெக்கலாம்னு ஆரம்பிக்காம, வரைபடத்துல முதல்ல நடைபாதை, பெஞ்ச், குழந்தைங்க விளையாடற எடம் எல்லாத்தையும் வரைஞ்சுட்டு, அதுலேர்ந்து தள்ளி மிச்சம் என்ன இருக்கோ அதுல ஹோல் போடுங்க. வலது கைக்காரங்க பேக்ஹேண்ட் கடைசியில இடது பக்கம் விழும், ஆளுங்கள்ல பெரும்பாலானவங்க வலது கை, அதனால எந்த ஹோலுக்கும் இடது பக்கம் பாதை வரக்கூடாது. ஃபோர்ஹேண்ட் எறிஞ்சா வலது பக்கம் விழும்ங்கறதையும் கணக்குல வெச்சுக்கங்க, ஆனா இடதுதான் முக்கியம். ஒரு டீலேர்ந்து அடுத்த ஹோலோட பாஸ்கெட் தெரியுதுன்னா நெருக்கிப் போட்டிருக்கீங்களான்னு அளந்து பாத்துடுங்க.

கூட்டத்துக்கு டிஸ்க் எறியறவங்கள மட்டும் கூட்டிட்டுப் போகாதீங்க. காலைல அங்க நடக்கறவங்க ரெண்டு பேர முன்னாடியே பாத்துப் பேசி, அவங்களுக்கு எந்தப் பாதை முக்கியம்னு கேட்டு, அத வரைபடத்துல குறிச்சுக் காட்டுங்க. ஆறு மாசத்துக்கு தற்காலிகமா, தூக்கி வெக்கற பாஸ்கெட்ல நடத்திப் பாக்கறோம்னு சொல்லுங்க, நிரந்தரமா குழி தோண்டறோம்னு சொன்னா பயப்படுவாங்க. அந்த ஆறு மாசமும் வர்றவங்க எல்லாரும் ஆப்ல ஸ்கோர் போடணும், இது கட்டாயம். டீ பக்கத்துல பலகையில "பட்டர், மிட்ரேஞ்ச் மட்டும்"னு எழுதிடுங்க.

டீ ஒவ்வொரு ஹோலுக்கும் ரெண்டு வேணும். முன்னாடி இருக்கறத முதல்ல அளந்து வெச்சுட்டு அப்புறம் பின்னாடி இருக்கறத முடிவு பண்ணுங்க. வரைபடம் போட்டதும் இங்க ஒரு போட்டோ போடுங்க, இடது பக்கம் எங்க இடிக்குதுன்னு பாத்துச் சொல்றேன்.